கச்சான் காலத்துக் கண்டல் சேறு

கண்டல் சேற்றைக் கிளறினால் கூழ்முட்டை நாற்றம் எழும். ஒட்சிசன் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேற்றைக் கொண்டு சுவாசிப்பதால் வருவது அது. அங்கே உக்கல் மிக மெதுவாக நடப்பதால், செத்த வேர்கள் நூற்றாண்டுக் கணக்கில் காபனாகத் தங்கிவிடுகின்றன. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பே களப்பிலும் கண்டலின் பெரிய சேமிப்பு மரத்தைவிட அதன் அடிச்சேற்றிலேயே இருக்கிறது. ஆகவே மரங்கள் பட்டனவா என்று மட்டும் பார்த்து, கச்சான் கால வறட்சியின் சேதத்தை அளப்பது போதாது. கனடா, சைபீரியா போன்ற வடபுலத்தில், அரைகுறையாக உக்கிய தாவரங்கள் படிந்த பீட் சதுப்புகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. உலகத் தரைப்பரப்பில் சுமார் 3 சதவீதமேயான பீட் நிலங்கள் மண்காபனில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை வைத்திருக்கின்றன. மழை பொய்த்து நீர்மட்டம் இறங்கினால், வேரில்லாத ஸ்பக்னம் பாசி வெளிறிக் காய்கிறது, புதர்கள் பரவுகின்றன. காற்றுப் பட்டதும் ஒரு நொதியம் உசாராகி, உக்கலைத் தடுத்துவந்த பீனோல்களைச் சிதைக்கிறது என்று ஆய்வாளர் கிறிஸ் ஃபிரீமன் குழுவினர் 2001 இல் காட்டினர். மழை திரும்பிய பின்னும் காபன் இழப்பு சிலகாலம் தொடரக்கூடும்.

உப்புநீரிலேயே வளரும் கண்டலுக்கு ஏது வறட்சி என்று கேட்கலாம். உப்பைத் தாங்குவதற்கும் எல்லை உண்டு. வேர் வடிகட்டியது போக உள்ளே வந்த உப்பைக் கண்ணா என்ற கண்டல் மரம் இலைவழியே கழிக்கிறது. வரண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் இலையைத் தடவினால் விரலில் உப்புப் பொருக்கு ஒட்டும். ஆற்றுநீர் வற்றி, மணல் மூடிய முகத்துவாரத்துக்குள் களப்பு நீர் ஆவியாக ஆக, உப்பு ஏறுகிறது. வேருக்கு நீர் உறிஞ்சுவது கடினமாகிறது, இலைத்துளைகள் மூடுகின்றன, புதுவேர் குறைகிறது. சேற்றுக்கு வரும் காபனும் குறைகிறது. ஓரச்சேறு வெடித்துக் காற்றுப் புகுந்தால் பழைய காபனும் வெளியேறத் தொடங்கும். சல்பைட்டுகள் ஒட்சியேறி அமிலமும் உண்டாகும். பீனோல் விளக்கத்தை இங்கே அப்படியே பொருத்த முடியாது. ஆனால் சேற்றை ஈரமாக வைத்திருக்கும் நீரே காவல் என்பது பீட்டுக்கும் கண்டலுக்கும் பொது. கடலோரத்தில் நிற்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. 2015 இறுதியில் தொடங்கி, அவுஸ்திரேலியாவின் கார்பெண்டாரியா வளைகுடாவில் சுமார் 1000 கிலோமீற்றர் கரையோரத்தில் கண்டல்கள் பட்டுப்போயின. அந்த எல் நினோக் காலத்தில் மழை குறைந்ததோடு கடல்மட்டமும் தற்காலிகமாகத் தாழ்ந்திருந்தது.

பட்டால் மறுபடி நடலாமே என்பது அடுத்த வாதம். இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வு, 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்றது. பிழைத்த கன்றுகளும் சேற்றில் பழைய அளவுக்குக் காபன் சேர்க்கப் பல பத்தாண்டுகள் ஆகலாம். முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது, வரண்ட மாதங்களில் களப்புக்கு எவ்வளவு ஆற்றுநீர் விடுவது என்பவற்றை மீன்பிடியையும் வயலையும் மட்டும் வைத்துத் தீர்மானிக்காமல், சேற்றையும் கணக்கில் எடுத்தே தீர்மானிக்க வேண்டும்.