ரப்பர் தளிர்க்கும்போது தேன் அறை

டிசம்பரில் இலை உதிர்க்கும் குமரி மாவட்டத்து ரப்பர் மரங்கள், ஜனவரி பிற்பாதியில் செம்பழுப்பு நிறத்தில் தளிர்விடத் தொடங்குகின்றன. மார்த்தாண்டம், குலசேகரம், அருமனை வட்டாரங்களில் தேனீ வளர்ப்போர் ஆண்டு முழுக்கக் காத்திருப்பது அதற்கடுத்த சில வாரங்களுக்காகத்தான். பலர் பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்கும் கொண்டுபோகிறார்கள்.

இந்தப் பருவத்தில் தேன் சேர்க்கத் தேனீக்குப் பூ தேவையில்லை. ரப்பர் மரத்தில் ஒரே காம்பிலிருந்து மூன்று இலைகள் பிரியும். அந்தச் சந்திப்பில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. இலை இளசாக இருக்கும்வரை அவற்றிலிருந்து மதுரம் கசிகிறது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மார்த்தாண்டம் தேனுக்குப் பின்னால் இருக்கும் பெரிய வளம் இந்த ரப்பர் தளிர்தான்.

இங்கே பரவலாக இருப்பது நியூட்டன் பெட்டி. பாதிரியார் நியூட்டன் இந்தியத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ப, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்தது. கீழே புழு அறை. ராணி முட்டையிடுவதும் குஞ்சுகள் வளர்வதும் அங்கே. மேலே, அதில் பாதி உயரம்கூட இல்லாத தேன் அறை. இரண்டிலும் ஏழேழு சட்டங்கள். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகப் பரப்பினார். அன்று முதல் இப்பகுதிக்குப் பழகிய தொழில் இது.

புதிதாகத் தொழிலுக்கு வருபவர் தடுமாறுவது இந்தத் தேன் அறையில்தான். எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்ற இரண்டே கேள்விகள். வைப்பதில் அவசரமும் எடுப்பதில் பொறுமையும் வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள்.

முதலில் இடக்கணக்கு. தேனீ கொண்டுவரும் மதுரத்தில் பெரும்பகுதி தண்ணீர். முப்பது சதவீதம் சர்க்கரை உள்ள மதுரம் என்றால், ஒரு கிலோ தேன் கிடைக்க ஏறக்குறைய 2.7 கிலோ மதுரம் வந்து சேர வேண்டும். வந்ததைத் தேனீக்கள் அடையின் ஒரே கண்ணறைக்குள் நிரப்பி வைப்பதில்லை. பல கண்ணறைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பி, சிறகால் விசிறி ஈரத்தைப் போக்குகின்றன. ஆகவே விளைந்த தேனுக்கு வேண்டிய இடத்தைவிட, விளையும் தேனுக்கு அதிக இடம் வேண்டும். மேலே இடம் இல்லாவிட்டால் மதுரம் புழு அறைக்குள் இறங்கும். முட்டையிட வேண்டிய இடத்தில் தேன் நிரம்பும். ராணிக்கு இடம் குறைந்ததும் பணித்தேனீக்கள் அடையின் கீழ்விளிம்பில் ராணிக்கூடுகளைக் கட்டத் தொடங்கும். அடுத்து கூட்டம் பிரியும். பழைய ராணி பாதித் தேனீக்களை அழைத்துக்கொண்டு வெளியேறிவிடும். அந்தப் பெட்டியில் அந்தப் பருவத்துத் தேன் பெரும்பாலும் அத்தோடு சரி. ராணிக்கூடுகளை நறுக்கிவிட்டு இடம் தராமல் விட்டால், தேனீக்கள் திரும்பவும் கட்டும்.

எப்போது அறை ஏற்றுவது என்பதைத் தேனீக்களே காட்டிவிடுகின்றன. புழு அறையின் எல்லாச் சட்டங்களையும் தேனீக்கள் மூடியிருக்கும். அடைகளின் மேல்விளிம்பில் புது மெழுகு வெள்ளைவெளேரென்று தெரியும். அதைப் பார்த்த அன்றே தேன் அறையை வைத்துவிட வேண்டும். முதல் தேன் அறையில் முக்கால்வாசி நிரம்பும்போதே இரண்டாவதையும் தரலாம். ஆனால் பலம் குறைந்த கூட்டத்துக்கு முன்கூட்டியே அறை ஏற்றக் கூடாது. தேனீக்கள் காக்க முடியாத அடையில் மெழுகுப்பூச்சி குடியேறிவிடும்.

சென்ற பருவத்து அடைகள் கையில் இருந்தால் அது பெரிய சொத்து. ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் ஆறு முதல் எட்டு கிலோ தேனை உண்கின்றன என்பது பொதுவான மதிப்பீடு. கட்டிய அடை கிடைத்தால் அந்த உழைப்பு நேராகத் தேனுக்குப் போகும். ஒரு எச்சரிக்கை: நோய் கண்ட பெட்டியின் அடையை இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது. 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவின் தேனீக் கூட்டங்களை வாரிக்கொண்டுபோனதை இங்குள்ள மூத்தவர்கள் மறக்கவில்லை.

இனி, எடுப்பது. மதுர வரத்து உச்சத்தில் இருக்கும்போது தேன் அறை நாலைந்து நாளில் கனத்துவிடும். உடனே தேன் எடுக்கும் இயந்திரத்தில் சட்டங்களை இட்டுச் சுற்றத் தோன்றும். அங்கேதான் பொறுக்க வேண்டும். சட்டத்தில் முக்கால் பங்கு கண்ணறைகளுக்கு மெழுகு மூடி இட்டிருந்தால் தேன் விளைந்துவிட்டது. ஐயம் இருந்தால் சட்டத்தைப் படுக்கைவாட்டில் பிடித்து ஒருமுறை உதறினால் போதும். துளிகள் தெறித்தால் இன்னும் பச்சைத் தேன். தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ரப்பர் தேனில் இயல்பாகவே ஈரம் கூடுதல். மூடியிடாததை எடுத்தால் நாளடைவில் நுரைத்துப் புளிக்கும். காய்ச்சி ஈரத்தைக் குறைக்கலாம். ஆனால் மணமும் நொதிகளும் போய்விடும். அறையில் இடமில்லை என்பதற்காகப் பச்சைத் தேனை எடுப்பது வீண் இழப்பு. இன்னொரு தேன் அறையின் விலை அதைவிடக் குறைவு.

எடுக்கும் நாளில் மூடி சீவிய மெழுகையும் சிந்திய தேனையும் பெட்டிகளுக்கு அருகில் விட்டுவைக்கக் கூடாது. பக்கத்துக் கூட்டங்கள் மோப்பம் பிடித்துத் திருட வந்துவிடும். புழு அறையில் உள்ள தேனைத் தொடவே கூடாது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் தேனீக்களுக்கு வெளியே எதுவும் கிடைக்காது; அந்த இருப்பும், தேவைப்பட்டால் நாம் வைக்கும் சர்க்கரைப் பாகும்தான் கூட்டத்தைக் காப்பாற்றும்.

இந்த ஆண்டு பெட்டி வாங்கப்போகிறவர்கள், பெட்டி ஒன்றுக்கு இரண்டு தேன் அறைகளாகவே வாங்கிவிடுங்கள். அதுவும் ரப்பர் தளிர்க்கும் முன், டிசம்பருக்குள் வாங்கிச் சட்டங்களையும் மாட்டி வையுங்கள்.