குற்றாலத்துக்கு வந்த தீவுப் பூ

தென்காசியிலிருந்து மூன்று மைல் கடந்து குற்றாலத்துக்கு ஆண்டுதோறும் அருவி நீராடச் செல்லும் அன்பர்களுள், அம்மலைச் சரிவுத் தோட்டங்களில் நிற்கும் கிராம்பு விருட்சத்தை அண்ணாந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே. அஞ்சறைப் பெட்டியிலிருந்து நாம் நாள்தோறும் எடுக்கும் கிராம்பு காயுமன்று, விதையுமன்று. மலருமுன்னே கொய்து உலர்த்திய பூமொட்டு. ஒன்றை வெந்நீரில் ஊறவைத்து நகத்தால் மெல்லப் பிளந்தால், நான்கு புல்லிகளின் நடுவே உருண்டையாக மூடிக்கொண்ட நான்கு இதழ்களும், அவற்றுள் நெருங்கி மடங்கிய கேசரங்களும் புலப்படும். விரியாமல் நின்ற அந்தப் புஷ்பம் முழுவதும் அங்கே இருக்கிறது!

நாவல் மரத்துக்கு நெருங்கிய உறவான இதன் ஜன்மபூமி, இந்தோனேசியாவின் கிழக்கே மலுக்குக் கூட்டத்தைச் சேர்ந்த தெர்னாத்தே, திதோரே முதலிய சில சிறு தீவுகளே. வியாபாரம் தம் கையை விட்டுப் போகலாகாது என்று எண்ணிய டச்சுக் கம்பெனியார், பதினேழாம் நூற்றாண்டில் அம்போன் வட்டாரத்தில் மட்டும் இதனை வளரவிட்டுப் பிற இடங்களில், தாய்த் தீவுகளிலுங்கூட, வெட்டிச் சாய்த்தது தாவர உலகுக்கு இழைத்த பெருங்கொடுமை. 1770ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரராகிய பியேர் புவாவ்ரின் பிரயாசையால் அது மொரீஷியசை அடைந்தது. 1800ஆம் ஆண்டு வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் வைத்த வாசனைத் திரவியத் தோட்டத்தின் வாயிலாக இந்தியாவுக்கும் வந்தது.

ஆரியங்காவுக் கணவாய் வழியே புகும் தென்மேற்குப் பருவக்காற்று சாரலாகப் பொழிய, ஈரம் மாறாத காற்றும், மழைநீர் தேங்காமல் வழிந்தோடும் சரிவும் ஒருங்கே அமைந்தமையால், நீர் கட்டினால் வேர் அழுகிவிடும் இத்தீவுச் செடிக்கு இவ்விடம் உகந்ததாயிற்று. நட்டு ஏழெட்டு ஆண்டுகள் காத்திருந்தபின் கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாக அரும்பும் மொட்டு, பச்சை மாறி இளஞ்சிவப்பு ஏறும் தருணத்தில், இதழ் விரிவதற்குள் பறிக்கப்பட வேண்டும். ஒரே கொத்தில் எல்லாம் ஒருசேர முற்றுவதில்லையாதலால், ஏணியில் ஏறி, கிளை ஒடியாமல் வளைத்து, பதம் பார்த்துக் கொய்பவரின் கைத்திறமே இத்தொழிலின் உயிர். நான்கைந்து நாள் வெயிலில் காய்ந்து கரும்பழுப்பாகும்போது எடையில் மூன்றில் ஒரு பங்கே எஞ்சும். பல்வலிக்கு இதமளிக்கும் யூஜினால் என்னும் தைலச் சத்து அதில்தான் செறிந்திருக்கிறது.

பறிக்காமல் விட்ட மொட்டு மலர்ந்து கருஞ்சிவப்புப் பழமாகும். அதன் விதை ஈரம் உலர்ந்தால் முளைக்காது. ஆகையால் கிராம்பு வளர்க்க விரும்புவோர் பழுத்தவுடன் விதையை வாங்கி அன்றைக்கே ஊன்றவேண்டும், அல்லது தோட்டக்காரரிடம் நாற்றாகவே கேட்டுப் பெறவேண்டும்.