உங்களுக்குத் தெரியுமா? ஆவாரம்பட்டையில் பதமாகும் தோல்

பொங்கலுக்குக் காப்புக் கட்டும் ஆவாரஞ்செடியின் பட்டைக்குத் தோலைப் பதப்படுத்தும் ஆற்றல் உண்டு. குரோமியம் புழக்கத்துக்கு வருமுன், திண்டுக்கல், திருச்சி வட்டாரத் தோல்கள் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி, கடுக்காய் நீரில் மெருகேறி, 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் லண்டனுக்குக் கப்பலேறின. பட்டையிலுள்ள டானின், தோலின் கொலாஜன் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது.

குரோமிய உப்பு இதே வேலையை ஒரே நாளில் முடித்துவிடும். ஆனால் வழக்கமான முறையில், போடும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போகிறது. தோல் ஆலைக் கழிவுநீரின் கொடுமை பாலாற்றங்கரை மக்களுக்கு நன்றாகவே தெரியும். பட்டை முறைக்கு வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். அதன் கழிவையும் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டும். ஆனாலும் செருப்பின் அடித்தோலுக்கும் பெல்ட்டுக்கும் குதிரைச் சேணத்துக்கும் குரோமியம் தேவையே இல்லை.