வயது போகப் போகத் தூக்கமும் பசியும் குறைவது ஏன்?

தலைமன்னாரில் இரவு எட்டு மணிக்கே கண்ணயர்ந்து, அதிகாலை மூன்றரைக்கு எழும்பிவிடும் முதியவர்களைப் பார்த்து வீட்டார் கவலைப்படுவதுண்டு. இது பெரும்பாலும் நோயல்ல.

மூளையிலுள்ள உடற்கடிகாரத்தை ஒளிதான் சரிசெய்கிறது. வயதேற ஏறக் கண்வில்லை மஞ்சளாகி, நீல ஒளியைக் குறைவாகவே உள்ளே விடுகிறது. இரவில் சுரக்கும் மெலற்றோனின் என்னும் தூக்க ஓமோனும் குறைகிறது. அதனால் தூங்கும் நேரம் முந்துகிறது. ஆழ்ந்த தூக்கம் சுருங்குகிறது. ஆனால் 65 வயதுக்குப் பிறகும் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் தேவை.

பசி ஏன் குறைகிறது? மணமும் சுவையும் மங்குகின்றன. இரைப்பை மெதுவாகக் காலியாவதால் கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது. தாக உணர்வும் மங்கும். மன்னார் வெயிலில் இது ஆபத்து.

என்ன செய்யலாம்? பின்னேர வெளிச்சத்தில் கடற்கரையோரம் நடக்கலாம். பகல் தூக்கத்தை அரைமணிக்குள் நிறுத்தலாம். பின்னேரத் தேத்தண்ணியைத் தவிர்க்கலாம். மூன்று பெரிய வேளைகளை ஐந்து சிறு வேளைகளாக்கி, மீன், முட்டை, பருப்பு சேர்க்க வேண்டும். தசை கரையாமல் காக்கப் புரதம் தேவை. தாகமில்லாவிட்டாலும் தண்ணீர் கொடுங்கள்.

காரணமின்றி உடல் மெலிந்தாலோ, குறட்டைக்கிடையே மூச்சு நின்று நின்று வந்தாலோ, வயதின் மேல் பழி போடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.