பத்து சதவீதத்துக்குள் வந்தால் போதுமா?

ஆய்வேடு ஒப்படைக்கும் கெடு நெருங்கிவிட்டது. பசுமலை, திருப்பரங்குன்றம், நாகமலை பக்கத்திலிருந்து வரும் வாசகர் கடிதங்களில் ஒரே குழப்பம்தான்: ஒப்புமை சதவீதம் கூடுதலாக வந்துவிட்டது, கல்லூரி நூலகரிடம் சொல்லிக் குறைக்க வழி உண்டா? நூலகரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இது கடைசியானது. பலருக்கு இதுவே முதல் கேள்வியாக இருப்பது கவலை தருகிறது.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் அறிவித்த விதிகளின்படி, ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய பிரதியைக் கொடுக்க முடியாது. அதையும் தாண்டினால் பதிவே ரத்து. இதைச் செயல்படுத்தும் மென்பொருள் கருத்துத் திருட்டைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லப்படுவதை அப்படியே ஏற்க முடியாது. அடிப்படையில் அது உங்கள் வாக்கியங்களைத் தன்னிடமுள்ள வாக்கியங்களோடு ஒப்பிட்டு, எங்கெல்லாம் ஒத்துப்போகின்றன என்று காட்டுகிறது. யாருடைய கருத்து, மூலம் சொல்லப்பட்டதா, சொல்லாமல் எடுத்ததா என்பதை மனிதர்தான் படித்துத் தீர்மானிக்க வேண்டும். முறையாக மேற்கோள் காட்டியவருக்கு 15 வரலாம். அடுத்தவர் வாதத்தைச் சொல் மாற்றி எழுதியவர் 3 சதவீதத்தோடு தப்பிவிடலாம்.

தமிழ் ஆய்வேடுகளில் இந்த ஓட்டை இன்னும் பெரிது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆய்வேடு திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்குள் அது ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற கோவை. அதிலிருந்து எடுத்து யூனிகோடில் எழுதினால் இரண்டும் ஒன்றென்று மென்பொருளுக்குத் தெரிய வாய்ப்பு மிகக் குறைவு. ஆங்கில நூலைத் தமிழில் பெயர்த்துச் சேர்த்தாலும் பெரும்பாலும் இதே கதிதான். தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்ச்சியான 14 சொற்கள் வரை விதி விலக்களிக்கிறது. ஆங்கிலத்தில் அது ஒரு வாக்கியத்தின் பகுதியாக இருக்கலாம். வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டி நிற்கும் தமிழில், 14 சொற்களுக்குள் ஒரு முழு வாதமே அடங்கிவிடும். ஆக, தமிழ்த்துறை மாணவர் கையில் இருக்கும் குறைந்த சதவீதம் நேர்மைக்குச் சான்றாகாது.

சோதனை வந்த பிறகாவது அப்பட்டமான நகலெடுப்பு குறைந்திருக்காதா என்று கேட்கலாம். பிடிபடுவோம் என்ற அச்சம் சிலரைத் தடுத்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதே விதிகள் நிறுவனத்தின் மீதும் ஒரு கடமையைச் சுமத்துகின்றன: ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு நேர்மை பற்றிய விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த வேண்டும். தண்டனைப் படிகளை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இந்தப் பகுதியைப் பேசுவதில்லை. முனைவர் பட்டப் பாடத்திட்டத்தில் ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் என்ற 30 மணி நேரப் பாடமும் கட்டாயம். தரவுத்தளங்களில் தேடுவது அதில் ஒரு பகுதி. அந்த மணிகளை நூலகரிடம் ஒப்படைப்பதுதான் முறை. எந்தச் சொல்லை இட்டுத் தேடுவது, ஒரு கட்டுரையை அதன் பின் யார் யார் எடுத்தாண்டார்கள் என்று பின்தொடர்வது, படிக்கும்போதே பக்க எண்ணோடு குறிப்பெடுப்பது ஆகியவை அவர் தொழில்முறையாகக் கற்றவை. குறிப்பில் மூலம் விடுபடும்போதுதான் பல திருட்டுகள் தொடங்குகின்றன. அங்கே எந்த மென்பொருளும் இல்லை.

இது நெறியாளரின் வேலையல்லவா என்பார்கள். நெறியாளருக்குத் தன் துறை தெரியும். தேடும் கலை தனிப் பயிற்சி. கணிதப் பேராசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை 1931-இலேயே நூலகத்தின் ஐந்து விதிகளுள் ஒன்றாக வகுத்தார். ஒரே நூலகர் ஆயிரக்கணக்கான மாணவருக்கு என்ன செய்வார் என்பது நியாயமான கேள்வி. கடைசி வாரத்தில் வரிசையில் நிற்போரைத் தனித்தனியாகச் சமாளிப்பதைவிட, தொடக்கத்தில் வகுப்பு முழுவதற்கும் சேர்த்துச் சொல்லித் தருவது அவருக்கும் எளிது. பசுமலைக்கு இது பொருந்தாத கோரிக்கை அல்ல. அமெரிக்கன் கல்லூரி 1881-இல் பிறந்த ஊர் இது. மன்னர் திருமலை நாயக்கர் கல்லூரி இன்றும் இங்கேதான் இருக்கிறது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக:

என்-லிஸ்ட் மின்னிதழ்களைப் படிக்கக் கணக்கு எங்கே கிடைக்கும்? கல்லூரி உறுப்பினராக இருந்தால், நூலகத்தில்.

ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் தனியார் கல்லூரிக்கும் உண்டா? 2025-இல் தொடங்கிய முதல் கட்டம் அரசு நிர்வாகத்தில் உள்ள நிறுவனங்களுக்கானது.

யுஜிசி-கேர் பட்டியலைப் பார்க்க வேண்டுமா? 2025 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது. இதழின் தரத்தை நூலகரோடு சேர்ந்து எடைபோடுங்கள்.

ஷோத்கங்காவில் முன்னைய ஆய்வேடுகளைப் படிக்கக் கட்டணம் உண்டா? இல்லை. தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்பே நூலகரோடு உட்கார்ந்து அங்கே ஒருமுறை தேடிவிடுங்கள்.