மின்னலுக்கு வாய்க்கால் வெட்டிய லேசர்!

கோடை மழையில் இடி இடித்தால், "அர்ச்சுனா, அர்ச்சுனா என்று சொல்லு" என்பார் அம்மாயி. பயம் போகும், மின்னல் போகுமா?

உயரமான கட்டடங்களில் இடிதாங்கி பார்த்திருப்பீர்கள். அந்த உலோகக் கம்பி, மின்னலைப் பத்திரமாக மண்ணுக்குள் இறக்கிவிடும். ஆனால், கம்பி எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்துக்குத்தான் பாதுகாப்பு. விமான நிலையம் போன்ற பரந்த இடத்துக்கு வானளாவக் கம்பி நட முடியுமா?

"கம்பிக்குப் பதில் ஒளியை அனுப்பினால் என்ன?" என்று யோசித்தார்கள் ஐரோப்பிய விஞ்ஞானிகள். 2021-இல் சுவிட்சர்லாந்தின் சென்டிஸ் மலை உச்சிக்குப் பெரிய லேசர் கருவி ஒன்றைக் கொண்டு போனார்கள். அம்மலையின் உயரம் 2,502 மீட்டர். நம் ஊட்டி தொட்டபெட்டாவை (2,637 மீட்டர்) விடக் கொஞ்சம்தான் குறைவு! அங்குள்ள 124 மீட்டர் கோபுரத்தை ஆண்டுக்குச் சுமார் 100 முறை மின்னல் தாக்கும். சோதனைக்கு ஏற்ற இடம்தானே? கோபுர முனையை ஒட்டி, வானை நோக்கி லேசரைப் பாய்ச்சினார்கள்.

இது தொடர்ந்து எரியும் ஒளி அல்ல. விநாடிக்கு 1,000 முறை துடிக்கும் ஒளி. ஒரு விநாடியை லட்சம் கோடி கூறு போடுங்கள். அதில் ஒரு கூறு அளவுதான் ஒரு துடிப்பு! விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. ஓடும் ஒளியே, அதற்குள் ஒரு மில்லி மீட்டரைத் தாண்டாது.

இத்தனை குறுகிய நேரத்தில் ஆற்றல் முழுவதும் அடைபடுவதால், அதன் வலிமை அபாரம். அது பாயும்போது காற்றே லென்ஸ் போல மாறி, ஒளியை நூலாகக் குவிக்கும். மலை உச்சியில் காற்றழுத்தம் சுமார் கால் பங்கு குறைவு. காற்று மெலிந்தால் இந்தக் குவிக்கும் சக்தியும் குறையும். எனவே துடிப்புக்குக் கூடுதல் வலிமை வேண்டும்.

குவிந்த ஒளி பட்ட காற்று சூடாகி விலகும். நடுவே, இன்னும் மெலிந்த காற்றுப் பாதை உண்டாகும். மெலிந்த காற்றில் மின்சாரம் எளிதாகப் பாயும். மஞ்சள் காட்டில் மண்வெட்டியால் வாய்க்கால் வெட்டினால், தண்ணீர் அந்த வழியே ஓடுகிறதல்லவா? அதேபோலத்தான்!

2021 ஜூலை 24 அன்று, ஒரு மின்னல் லேசர் பாதையை ஒட்டியே 50 மீட்டருக்கு மேல் சென்றது. அதிவேகக் கேமராக்கள் அதைப் படம் பிடித்தன. அந்தச் சோதனையில் மொத்தம் 4 மின்னல்களுக்கு லேசர் வழிகாட்டியது. முடிவுகள் 2023 ஜனவரியில் வெளியாயின.

இது இன்னும் சோதனை அளவில்தான் இருக்கிறது. இந்தியாவிலோ ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலுக்குப் பலியாகிறார்கள். ஆகவே, இடிச் சத்தம் கேட்டால் தென்னை, புளிய மரத்தடியில் ஒதுங்காதீர்கள். காட்டு வெளியிலும் குளத்திலும் நிற்காதீர்கள். கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வாருங்கள். ஆட்டுக்குட்டி நனைகிறதே என்று இடையில் ஓடாதீர்கள், சரியா?