காருக்குள் மஞ்சள் விளக்கு!

பொழுது இன்னும் விடியவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் கார்கள் தாம்பரத்தைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊர்ந்து கொண்டிருக்கின்றன. ஒரு காரில் கணவன், மனைவி, பாட்டி, இரண்டு குழந்தைகள். பின்னால் மூட்டை முடிச்சுகள். பெருங்களத்தூரைத் தாண்டியதும், ஓட்டுகிறவருக்கு எதிரே பளிச்சென்று ஒரு மஞ்சள் விளக்கு!

குதிரை லாடம் போல ஒரு படம். அதன் நடுவே ஓர் ஆச்சரியக்குறி.

"என்னங்க அது?" என்கிறார் மனைவி.

"ஒண்ணுமில்லை. காலையிலே இப்படித்தான் எரியும். வெயில் வந்தா தானா அணைஞ்சுடும்."

பண்டிகை நாட்களில் பல கார்களில் நடக்கும் பேச்சு இது. கணவர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆபத்து!

டயரில் காற்று குறைந்துவிட்டது என்பதுதான் அந்த விளக்கு சொல்லும் சேதி. குளிரில் காற்றின் அழுத்தம் இறங்கும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால், அழுத்தம் ஏறத்தாழ 2 பவுண்டு குறையும். ஓடி ஓடி டயர் சூடானதும் அழுத்தம் ஏறி, விளக்கு அணைந்துவிடும். ஆனால் சரியாகக் காற்று அடித்த டயரில் 2 பவுண்டு இறங்கினால் விளக்கு எரியாது. முன்பே குறைந்திருந்தால்தான் எரியும். விளக்கு அணைந்தாலும் குறை தீரவில்லை!

காற்று குறைந்த டயரின் பக்கச் சுவர், சுற்றுக்குச் சுற்று மடங்கி நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சுடும் அல்லவா? டயரும் அப்படியே சூடாகிறது. செங்கல்பட்டைத் தாண்டி, பாரத்தோடு கார் பறக்கும்போது, ரப்பர் தனியே பிரிந்து டயர் வெடித்துவிடலாம்.

200 உயிர்கள்

இந்த விளக்கு எங்கும் பரவிய கதை சோகமானது. அமெரிக்காவில் 'போர்டு எக்ஸ்புளோரர்' கார்களில் 'பயர்ஸ்டோன்' டயர்கள் ஓடும்போதே பிய்ந்தன. கார்கள் உருண்டன. 200-க்கும் அதிகமானோர் மாண்டனர். 2000-ம் ஆண்டு ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. டயரில் கோளாறா, காற்றைக் குறைவாக வைக்கச் சொன்னது தவறா என்று இரு கம்பெனிகளும் மோதிக்கொண்டன. அந்த ஆண்டே அங்கே சட்டம் வந்தது. 2007 முதல் புதிய கார்களில் இந்த விளக்கு கட்டாயம் ஆயிற்று.

என்ன செய்வது?

வேகத்தைக் குறைத்து, ஓரமாக நிறுத்துங்கள். நாலு டயரையும் பாருங்கள். ஒன்று சப்பென்று கிடந்தால், ஸ்டெப்னி மாற்றாமல் நகரக்கூடாது. அப்படி இல்லை என்றால், மெதுவாக அடுத்த பெட்ரோல் பங்குக்குப் போகலாம். அங்கே காற்றுக்குக் காசு இல்லை!

எவ்வளவு அடிப்பது? டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால், அங்கே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். '33' என்றால் சதுர அங்குலத்துக்கு 33 பவுண்டு. மூட்டையும் ஆளும் நிறைந்தால் வேறு அளவு. அதுவும் அதிலேயே இருக்கும். டயரின் மேல் அச்சிட்டிருப்பது உச்ச அளவு. அதைப் பார்த்து அடிப்பது தவறு. சீட்டில் உள்ளது ஆறிய டயருக்கான கணக்கு. ஆகையால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பார்ப்பது நல்லது.

காற்று அடித்தும் விளக்கு அணையவில்லையா? சில கார்களில் சக்கரத்துக்குள்ளேயே ஒரு சிறு கருவி இருக்கும். கொஞ்ச தூரம் ஓடினால் அணைந்துவிடும். மற்ற கார்கள் சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துக் கண்டுபிடிக்கின்றன. காற்று குறைந்த சக்கரம் சற்றுச் சிறுத்து, மற்றவற்றை விட வேகமாகச் சுற்றும். பலே யுக்தி! இந்த வகைக் காரில், காற்று அடித்த பிறகு, 'இதுதான் சரியான அளவு' என்று நாம் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இரண்டு நாளில் மறுபடி எரிந்தால் ஆணி குத்தியிருக்கலாம்; வால்விலும் ஒழுகலாம். பஞ்சர் கடைக்காரர் வால்வின் முனையில் எச்சில் தொட்டு வைப்பார். குமிழி வந்தால் ஒழுகுவது அங்கே. உள்ளே கருவி இருந்தால், டயரைக் கழற்றும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள். கடப்பாரை பட்டால் உடைந்துவிடும்!

காரைக் கிளப்பியதும் விளக்கு ஒரு நிமிடம் சிமிட்டிவிட்டு, பிறகு நின்று எரிந்தால், கோளாறு கருவியில். அதன் பாட்டரி தீர்ந்திருக்கலாம்.

இன்னொன்று. பெரும்பாலான கார்களில் இந்த விளக்கு ஸ்டெப்னியைக் கவனிப்பதில்லை. டிக்கியில் மூட்டைகளுக்கு அடியில் கிடக்கும் அந்த ஐந்தாவது டயருக்குக் கடைசியாக எப்போது காற்று அடித்தீர்கள் என்று கேட்டால், பல வீடுகளில் பதில் வராது!